தரைக்கு அடியில் ஒரு சிலிண்டர்

மொறிஸ் மைனருக்குப் பிரேக் எண்ணெய் விடவேண்டும் என்று பொனெற்றைத் திறந்தால் ஒன்றும் கிடைக்காது. சாரதியின் காலடியில் கிடக்கும் விரிப்பைத் தூக்க வேண்டும். அதற்குக் கீழே ஒரு தகர மூடி. அதையும் கழற்றினால்தான் தரைக்கு அடியில், சட்டத்துக்குள் படுத்திருக்கும் மாஸ்டர் சிலிண்டரின் வாய் தெரியும். செருப்போடு வந்த மணலும் மழைக்காலத்துச் சேறும் அந்த வாயைச் சுற்றிக் கட்டிபட்டுப் போயிருக்கும். துடைக்காமல் திறந்தீர்களோ, அவ்வளவும் உள்ளே. சிலிண்டரையே கழற்றுவதென்றால் இன்னும் கரைச்சல். அதன் போல்ற்றை வெளியே இழுக்கிற வழியில் முன்சில்லுகளைத் தாங்குகிற முறுக்குக் கம்பி குறுக்கே நிற்கும். ஒரு ரப்பர் வாஷர் மாற்றுவதற்குக் காரின் பாதித் தொங்கலை அசைக்க வேண்டியிருக்கும்.

இதை வரைந்தவர் முட்டாள் இல்லை. அலெக் இசிகோனிஸ். பிறகு ‘மினி’யையும் அவர்தான் வரைந்தார். 1948 ஒக்ரோபரில் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் மைனர் வெளியானது. முதல் மாதிரி பார்வைக்கு ஒடுக்கமாக இருக்கிறதென்று அவர் அதை நடுவால் அரிந்து, இரண்டு பாதிகளையும் நாலு அங்குலம் விலத்தி வைத்துப் பார்த்தாராம். பம்பர்கள் அதற்குள் செய்து முடிந்திருந்ததால் அவற்றையும் நடுவில் வெட்டி ஒரு துண்டு வைத்து ஒட்டினார்கள். ஆரம்பகால மைனர்களில் அந்தத் துண்டை இப்போதும் பார்க்கலாம். அந்தக் காரின் எஞ்சின் 918 சிசி, 27 குதிரைவலுச் சொச்சம். முழுசாக மிதித்தால் மணிக்கு 60 மைல். அதை நிறுத்துவதற்கு நாலு சில்லிலும் 7 அங்குல டிரம். அந்த வேகத்துக்கும் போருக்குப் பிந்திய இங்கிலாந்தின் வெறும் தெருக்களுக்கும் அது தாராளம்.

எங்கள் பெரியப்பாவின் கார் 1960ஆம் ஆண்டு மைனர் 1000. எஞ்சின் 948 சிசியாக வளர்ந்திருந்தது. டிரம் அதே 7 அங்குலம். 1962இல் 1098 சிசி எஞ்சின் வந்தபோதுதான் முன்சில்லு டிரம்மை 8 அங்குலமாக்கினார்கள். எஞ்சின் எப்போதும் ஒரு அடி முன்னுக்குப் போகும், பிரேக் பின்னால் இழுபட்டு வரும். உலகத்துக் கார்கள் எல்லாவற்றின் வரலாறும் அநேகமாக இதுதான்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கார் ஏன் இவ்வளவு காலம் தப்பிப் பிழைத்தது என்பது தனிக்கதை. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபிறகு பெற்றோல் மருந்து மாதிரி அளந்து புழங்கிற சாமானாகிவிட்டது. ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ரார்ட் பண்ண மட்டும் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய். புதுக் கார்களால் இது முடியாது. பழைய எஞ்சின்களில் அழுத்த விகிதம் குறைவு என்பதால் அவை இருமிக்கொண்டாவது இதைப் பொறுத்துக்கொண்டன. பெரியப்பா அப்போது பள்ளிக்கூட வாத்தியார். ஊரில் எல்லாருக்கும் ‘மாஸ்ரர்’. காரை மணிக்கு 30, 40 கிலோமீற்றருக்கு மேல் விட்டதில்லை. விட இடமும் இல்லை. தெரு முழுக்கக் கிடங்கு. சந்தி வருவதற்கு நூறு யார் முன்னாலேயே எஞ்சினை அணைத்துவிடுவார். கார் உருண்டு போய்ச் சந்தியில் நிற்கும். அப்படி மிச்சம் பிடித்த மண்ணெண்ணெய் இரவில் அரிக்கன் லாம்புக்கு. இந்தப் பழக்கத்தை ஞாபகம் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

அந்த இருபது வருசமும் பிரேக்கைப் பற்றி யாரும் பெரிதாகக் கதைக்கவில்லை. எஞ்சினைப் பற்றித்தான் கதை. ஏ9 வீதி 2002இல் திறந்தது, 2006 ஓகஸ்ரில் மூடியது, போர் முடிந்தபிறகு மறுபடி திறந்தது. பிறகு அதற்குக் கார்பெற் போட்டார்கள். ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் கண்ணாடி மாதிரித் தெரு. கார் மாறவில்லை. காருக்குக் கீழே இருந்த தெரு மாறிவிட்டது.

கணக்கு எளிதானது. முக்கால் தொன் கார் 40இல் ஓடும்போது அதன் இயக்க சக்தி சுமார் 47 கிலோ ஜூல். அதே கார் 80இல் ஓடினால் இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. 188 கிலோ ஜூல். நிற்கவேண்டுமானால் இவ்வளவும் வெப்பமாக மாறி அந்த 7 அங்குல டிரம்களுக்குள் போகவேண்டும். டிரம் ஒரு மூடிய சட்டி. சூடு உள்ளே தங்கும். சூடானால் இரும்பு விரிந்து ஷூவை விட்டு விலகும். லைனிங்கும் பிடிமானத்தை இழக்கும். முதல் மிதிக்கு நிற்கிற கார் மூன்றாவது மிதிக்கு வழுக்கும். மாரியில் வெள்ளத்துக்குள்ளால் ஓடினால் உள்ளே தண்ணீர் நின்று அதுவும் வழுக்கும். பழைய ஓட்டுநர்கள் வெள்ளம் தாண்டியதும் பெடலில் காலை மெதுவாக வைத்து ஓடிக் காயவைப்பார்கள்.

பரந்தனுக்குக் கிட்ட ஒரு மாடு குறுக்கே வந்தது. முன்னால் போன வான் சடாரென்று நின்றது. பெரியப்பா நிற்கவில்லை, கார் தெருவை விட்டு இறங்கிப் புல்லில் போய் நின்றது. பின்சீற்றில் பேரப்பிள்ளைகள் இரண்டு பேர். யாருக்கும் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து அவர் சொன்னது ஒரு வசனம்தான்: “முன்னால போறவன்ர பிரேக்கும் என்ர பிரேக்கும் ஒரே காலத்தில இல்ல.”

இந்த வசனத்தை நான் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். 1955 ஜூன் 11, லு மான் பந்தயம். மைக் ஹோத்தோர்னின் ஜாகுவார் குழிக்குத் திரும்புவதற்காக வேகத்தைக் குறைத்தது. அதில் இருந்தது டிஸ்க் பிரேக். பின்னால் வந்த லான்ஸ் மக்லின் மோதாமலிருக்க விலகினார். அவருக்குப் பின்னால் பியர் லெவேயின் மெர்சிடிஸ், மிகுந்த வேகத்தில், டிரம் பிரேக்கோடு. அது மக்லினின் காரில் ஏறிப் பறந்து சனத்துக்குள் விழுந்தது. 80 பேருக்கு மேல் செத்தார்கள். யாருடைய பிழை என்று இன்றைக்கும் வாதாடுகிறார்கள். அந்த இடத்தின் ஒடுக்கம் ஒரு காரணம், வேக வித்தியாசம் இன்னொன்று. எனக்கு அதில் தெரிவது, ஒரே தெருவில் இரண்டு காலத்துப் பிரேக்குகள் ஓடியதுதான்.

லு மான் என்ற அந்த ஊருக்கும் பிரேக்குக்கும் ஏதோ பூர்வஜென்மத் தொடர்பு. மல்கம் லொக்ஹீட் என்ற அமெரிக்கர் 1917இல் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்குக்கு உரிமம் எடுத்தார். அவர் சகோதரர் அலன்தான் ஆகாயவிமானக் கம்பனிக்காரர். அந்தப் பிரேக்கை நாலு சில்லிலும் பூட்டிய டூசென்பெர்க் கார் 1921இல் பிரெஞ்சு கிராண்ட் பிரீயை வென்றது, லு மானில். டிஸ்க் பிரேக் அதைவிடப் பழைய யோசனை. பிரெடரிக் லான்செஸ்ரர் 1902இலேயே உரிமம் எடுத்துவிட்டார். ஆனால் செம்பு தட்டில் உரசி ஊரைக் கூட்டும் சத்தம். ஐம்பது வருசம் கிடப்பில் கிடந்தது. டன்லப் கம்பனி ஆகாயவிமானங்களுக்குச் செய்து பார்த்து, பிறகு ஜாகுவாருக்குக் கொடுத்தது. 1953இல் டோனி ரோல்ற்றும் டங்கன் ஹமில்ரனும் ஓட்டிய ஜாகுவார் மணிக்கு 100 மைலைத் தாண்டிய சராசரியோடு வென்றது. அதுவும் லு மான்தான். வேகமாக ஓடியதால் மட்டும் வென்ற கார் இல்லை அது. மற்றவர்களைவிடப் பிந்திப் பிரேக் பிடிக்க முடிந்ததால் வென்றது.

ஆக, பெரியப்பாவும் டிஸ்க்குக்கு மாறுவதென்று தீர்மானித்தார். மைனருக்கு இது புதிய காரியம் இல்லை. 1971இல் வந்த மொறிஸ் மரீனாவின் முன்தொங்கல் மைனரின் வழியில் வந்ததுதான். அதனால் இங்கிலாந்தில் மரீனாவின் டிஸ்க்கை எடுத்து மைனருக்குப் பூட்டுவது பழகிய வேலை. அதற்கு முதல், மைனரின் அடித்தளத்திலேயே செய்த ரைலி 1.5 காரின் பெரிய டிரம்மைப் பூட்டினார்கள். எங்களுக்கு மரீனா எங்கே கிடைக்கும்? ஜப்பான் கார் ஒன்றின் டிஸ்க்கையும் காலிப்பரையும், கடைந்தெடுத்த ஒரு தட்டை இடையில் வைத்து ஒரு கராச்சில் பூட்டினார்கள். கராச்சின் பேர் வேண்டாம். வேலை சுத்தமாகத்தான் தெரிந்தது. கார்தான் நிற்கவில்லை.

முதல் நோய், பெடல் பஞ்சு மாதிரி. மிதித்தால் அமுங்கும், நிற்காது. மூன்று முறை எயர் எடுத்தும் அதே பஞ்சு. எண்ணெயை அழுத்திச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். லொக்ஹீட்டின் யோசனை முழுவதும் இந்த ஒரு உண்மையில் நிற்கிறது. எண்ணெய்க்குள் ஒரு குமிழ் இருந்தாலும் காலின் பலம் குமிழைச் சுருக்குவதில் போய்விடும். எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணை வந்தார், குனிந்து பார்த்தார், சிரித்தார்.

“மாஸ்ரர், இடது வலதுக்குப் போயிருக்கு, வலது இடதுக்கு வந்திருக்கு.”

காலிப்பர்கள் மாறிப் பூட்டுப்பட்டிருந்தன. போல்ற் ஓட்டை இரண்டு பக்கமும் பொருந்தும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் எயர் வெளியேறுகிற நிப்பிள் மேலே இருக்கவேண்டியது கீழே வந்துவிடும். காற்று மேலேதானே நிற்கும்? கீழே இருக்கிற வாயால் எவ்வளவு எண்ணெயை விட்டாலும் மேலே உள்ள குமிழ் அசையாது. பழைய காருக்கு டிஸ்க் பூட்டுகிறவர்களுக்கு இதை முதல் பாடமாகச் சொல்லுவேன்: வேறு எதையும் கழற்றுவதற்கு முன் நிப்பிள் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள்.

மாற்றிப் பூட்டியதும் பெடல் கல்லாக நின்றது. சந்தோசம் பத்துக் கிலோமீற்றர் நீடித்தது. பிறகு கார் கனத்தது, முன்சில்லுப் பக்கம் கருகல் மணம், நியூற்றலில் தள்ளினால் அசையவில்லை. இது இரண்டாவது நோய், எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான், ஏனென்றால் இது 1960இன் அறிவு செய்த வேலை.

அண்ணை முதலில் காரை ஜக்கில் தூக்கினார். சில்லு சுற்றவில்லை. நிப்பிளைக் கொஞ்சம் இளக்கினார். எண்ணெய் பீய்ச்சி அடித்தது, சில்லு சுற்றியது. அப்படியானால் காலிப்பர் இறுகித் துருப்பிடிக்கவில்லை. அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருக்கிறது. எங்கே? மறுபடி ஓடிச் சூடாக்கி இறுக விட்டு, இந்தமுறை ரப்பர் ஹோசுக்கு மேலே உள்ள இரும்புக் குழாயின் இணைப்பை இளக்கினார். அப்போதும் சில்லு விட்டது. அப்படி விடாமல் இருந்திருந்தால் ஹோஸ்தான் குற்றவாளி. பழைய ஹோஸ் உள்ளுக்குள் ஊதி, எண்ணெயைப் போகவிடும், திரும்பவிடாது. விட்டதால் குற்றவாளி இன்னும் மேலே, மாஸ்டர் சிலிண்டரில். நாடி பிடிப்பது மாதிரி ஒவ்வொரு இணைப்பாகக் கேட்டுக்கொண்டு போகிற இந்த முறையை எந்தப் பாடப்புத்தகத்தையும்விட அவரிடம்தான் தெளிவாகப் படித்தேன்.

டிரம் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு சின்ன வால்வு உண்டு. காலை எடுத்த பிறகும் குழாய்களில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தை அது பிடித்துவைக்கும். சில்லுச் சிலிண்டரில் இருக்கிற ரப்பர் கிண்ணங்கள் சுவரோடு ஒட்டியிருக்கவும், காற்று உள்ளே நுழையாமலிருக்கவும் அந்த அழுத்தம் தேவை. டிரம்முக்குள் ஷூவைத் திருப்பி இழுக்கப் பலமான ஸ்பிரிங் இருப்பதால் 10 பிஎஸ்ஐ அங்கே ஒன்றும் செய்யாது. டிஸ்க்கில் ஸ்பிரிங் இல்லை. ரப்பர் வளையத்தின் சின்ன மீள்வு மட்டும்தான் பாட்டைப் பின்வாங்கச் செய்கிறது. அதற்கு 10 பிஎஸ்ஐ என்றால் யாரோ எந்நேரமும் பெடலில் கால் வைத்திருப்பது மாதிரி. உரசும், சூடாகும், எண்ணெய் விரியும், இன்னும் உரசும். டிரம்மைக் காப்பாற்ற வைத்த காவல்காரன் டிஸ்க்கின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தான். (பெடலுக்குக் கொஞ்சம் வெறும் ஓட்டம் விடாவிட்டாலும் இதே நோய்தான் வரும். பிஸ்டன் முழுதாகத் திரும்பாமல், எண்ணெய் ராங்கிக்குத் திரும்பிப் போகிற ஊசித்துளையை மூடிக்கொண்டு நிற்கும். அண்ணை அதை முதலிலேயே பார்த்துவிட்டார்.)

அந்த வால்வை எடுத்துவிட்டால் முடிந்ததா? இல்லை. பின்சில்லு இன்னும் டிரம். அதற்கு அந்த 10 பிஎஸ்ஐ வேண்டும். அதோடு, நான் தொடக்கத்தில் சொன்ன அந்தத் தரைக்கு அடியில் கிடக்கிற சிலிண்டர்: அது காலிப்பர்களைவிட உயரத்தில் இல்லை. எண்ணெய் மெல்லப் பின்னுக்கு வடியப் பார்க்கும். அதனால் முன்குழாயில் 2 பிஎஸ்ஐ வால்வு ஒன்று, பின்குழாயில் 10 பிஎஸ்ஐ வால்வு ஒன்று, தனித்தனியாகப் பூட்டினோம். ஒரே காருக்குள் முன்னுக்கு ஒரு நூற்றாண்டு விதி, பின்னுக்கு இன்னொரு விதி.

பிறகும் முதல் மிதி ஆழமாகப் போனது, இரண்டாவது மிதி சரியாக நின்றது. இது பலரை வீணாக மாஸ்டர் சிலிண்டர் மாற்றவைக்கிற நோய். பின் டிரம்மின் ஷூவைக் கையால் நெருக்கி வைத்ததும் பாதி போய்விட்டது. மைனருக்குத் தானாக நெருங்குகிற ஏற்பாடு இல்லை, டிரம்மின் ஓட்டைக்குள்ளால் திருகாணிச்சாவி விட்டுத் திருகவேண்டும். மிச்சப் பாதி முன்சில்லு பெயாரிங்கின் ஆட்டம். சில்லு ஆடினால் டிஸ்க் பாட்டைத் தட்டிப் பின்னுக்குத் தள்ளிவிடும். அடுத்த மிதி அந்த இடைவெளியை நிரப்பத்தான் காணும். ஜாகுவார் சோதனைக்காரர்களையும் 1950களில் இது படுத்தியிருக்கிறது. அவர்களுக்கு மணிக்கு 150 மைலில், பெரியப்பாவுக்குக் கொடிகாமம் சந்தியில்.

எண்ணெயைப் பற்றி ஒரு சொல். ஆரம்பகாலப் பிரேக் எண்ணெய்களில் பெரும்பகுதி ஆமணக்கெண்ணெயும் மதுசாரமும்தான். ரப்பரோடு ஒத்துப்போகிற எண்ணெய் அது. எண்ணெய்தானே என்று எஞ்சின் ஒயிலை விட்டாலோ, பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டினாலோ ரப்பர் ஊதிப்போய் மூன்றாம் நாள் பெடல் கீழே போகும். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவிப் பழகிய ஊரில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது.

கடைசியில் கார் நின்றது. நேராக, சத்தமில்லாமல். ஆனால் மிதிக்கப் பலம் வேண்டும். டிரம்முக்கு ஒரு தந்திரம் உண்டு. சுழற்சியே ஷூவை டிரம்மோடு இழுத்து அமுக்கிவிடும். மைனரின் முன்சில்லில் இரண்டு ஷூவும் அப்படி இழுபடுகிற மாதிரி வைத்திருந்தார்கள், முன்னுக்கு ஓடும்போது மட்டும். பின்னுக்கு உருண்டால் அந்த உதவி கிடைக்காது. டிஸ்க்குக்கு எந்தத் திசையிலும் கிடைக்காது. மிதிக்கிறவன் கொடுப்பதுதான் கணக்கு. ஆகவேதான் டிஸ்க் வந்த பின்னாலேயே பெரும்பாலான கார்களில் சேர்வோவும் வந்தது. எஞ்சின் உறிஞ்சுகிற வெற்றிடத்தை எடுத்துக் காலுக்குத் துணையாகக் கொடுக்கும் டப்பா. எழுபத்தைந்து வயதுக் காலுக்கு அது வேண்டும் என்று எல்லோரும் சொன்னோம். பூட்டினோம். பெடல் பட்டு மாதிரி ஆனது.

இரண்டு வாரம் கழித்து நான் பக்கத்து சீற்றில் இருந்தேன். சாவகச்சேரிச் சந்தி தெரிந்தது. பெரியப்பாவின் கை தன்பாட்டில் சாவிக்குப் போனது. எஞ்சினை அணைத்தார்.

எஞ்சின் நின்றால் வெற்றிடம் இல்லை. டப்பாவில் மிச்சம் இருப்பது ஒன்று, இரண்டு மிதிக்குக் காணும். அவர் எப்போதும் போலப் பெடலைத் தட்டித் தட்டி உருட்டினார். மூன்றாவது தட்டலில் பெடல் மரக்கட்டையானது. கை பிரேக்கை இழுத்து நின்றோம்.

“இனி அணைக்கக்கூடாது பெரியப்பா.”

“நான் எங்க அணைச்சனான்?” என்றார். உண்மையாகவே தெரியவில்லை அவருக்கு. அவருடைய கை இன்னும் 1993இல் இருந்தது.

அன்றைக்கு அண்ணையிடம் போய்ச் சேர்வோவைக் கழற்றச் சொல்லிவிட்டார். நான் மறுத்துப் பார்த்தேன். கையைத் திருத்தலாம், காலுக்கு வயசு குறையாது என்பது என் கட்சி. அவர் கேட்கவில்லை. இப்போது காலிப்பருக்குக் கொஞ்சம் மென்மையான பாட், மாஸ்டர் சிலிண்டர் துளை ஒரு அளவு சின்னது. துளை சின்னதானால் அதே காலுக்கு அழுத்தம் கூடும், பெடல் ஓடுகிற தூரமும் கூடும். முக்கால் அங்குலத் துளைக்கும் ஒரு அங்குலத் துளைக்கும் இடையில் அழுத்தம் கிட்டத்தட்ட 1.8 மடங்கு வித்தியாசம். பெடல் இப்போது கொஞ்சம் ஆழம், கொஞ்சம் கனம். எஞ்சின் ஓடினாலும் அணைந்தாலும் ஒரே மாதிரி. ஏ9இல் 60க்கு மேல் போகமாட்டேன் என்று பெரியம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

எனக்கு இன்னும் நித்திரை கெடுக்கிற விசயம் வேறு. நாலு சில்லுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. ஒரு குழாய் வெடித்தால் நாலும் போகும், கை பிரேக் மட்டும் மிஞ்சும். அமெரிக்கா 1968இலிருந்து புதுக் கார்களுக்கு இரட்டைச் சுற்றைச் சட்டமாக்கியது. இங்கிலாந்தில் விற்ற மைனர் 1971இல் உற்பத்தி நிற்கும் வரைக்கும் ஒற்றைச் சுற்றோடேயே ஓடியது. இரட்டைச் சிலிண்டர் நீளம் கூடியது, அந்தச் சட்டத்துக்குள் அடங்காது. பெடலை மேலிருந்து தொங்கவிட்டுச் சிலிண்டரை எஞ்சின் பக்கம் கொண்டுபோக வேண்டும், அதற்குச் சுவரில் ஓட்டை வெட்டவேண்டும். பெரியப்பா தகரத்தில் கைவைக்க விடுகிறார் இல்லை. அண்ணை ஒரு அட்டையை வெட்டி அளவு எடுத்து வைத்திருக்கிறார். அதுவரைக்கும் மாதம் ஒருமுறை விரிப்பைத் தூக்கி, மணலைத் துடைத்து, எண்ணெய் மட்டத்தைப் பார்த்து, கொப்பியில் திகதியோடு எழுதிவைக்கிறோம்.